இறுதியாண்டு ப்ராஜெக்டுக்கு எதை எடுப்பது: வரைகலையா, கணினிப் பார்வையா, குறியாக்கமா?

கரிசல் மாணவி கேட்டது:

வணக்கம். விருதுநகர் மாவட்டத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில் கணினி அறிவியல் இறுதியாண்டு படிக்கிறேன். மூன்று பேர் கொண்ட குழு. தலைப்பைப் பதிவு செய்ய இன்னும் பத்து நாள் இருக்கிறது. அதற்குப் பிறகு வேலைக்குப் பதினாறு வாரம். கையில் இருப்பது எட்டு ஜிபி நினைவகம் உள்ள ஒரு மடிக்கணினி. ஜிபியு என்ற வரைகலைச் செயலி கிடையாது.

எங்கள் வகுப்பில் பாதிப் பேர் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள ஒரு ப்ராஜெக்ட் சென்டரில் முன்பணம் கட்டிவிட்டார்கள். நிரலும் அங்கேயே கிடைக்கும், பைண்டிங் செய்த அறிக்கையும் கிடைக்கும். வைவா என்ற வாய்மொழித் தேர்வில் என்ன பேச வேண்டும் என்று ஒரு மாலை வகுப்பும் உண்டு. நாங்கள் மூவரும் அந்தப் பக்கம் போவதில்லை என்று முடிவெடுத்திருக்கிறோம். நான்கு வருடம் படித்துவிட்டு, சொந்தக் கையால் ஒன்றைக்கூடச் செய்யாமல் வெளியேற மனம் ஒப்பவில்லை.

எங்களிடம் மூன்று யோசனைகள் இருக்கின்றன. தோழி ஒருத்திக்கு வரைகலை பிடிக்கும். ஒளிக்கதிர்களைப் பின்தொடர்ந்து படம் வரையும் ரே டிரேசர் ஒன்றை எந்த ஆயத்த நிரல் தொகுப்பின் உதவியும் இல்லாமல் எழுதலாம் என்கிறாள். இன்னொருத்தி, யாரும் ஒட்டுக்கேட்க முடியாத செய்திச் செயலி செய்யலாம், அதற்கான குறியாக்க முறையையும் நாமே வடிவமைக்கலாம் என்கிறாள்.

மூன்றாவது என்னுடையது. என் கொள்ளுத் தாத்தா வத்தல், மல்லி, எள் வியாபாரம் செய்தவர். இந்தத் தீபாவளிக்குப் பரணைச் சுத்தம் செய்தபோது அவர் 1951 முதல் 1956 வரை எழுதிய பேரேடுகள் நான்கு கிடைத்தன. எண்கள் எல்லாம் ௧, ௨, ௩ என்று தமிழ் எண்கள். ரூபாய், அணா, பை என்று மூன்று பத்திகள். அப்பாவுக்கே வாசிக்க வரவில்லை. அப்பத்தா மட்டும் விரல் வைத்து ஒவ்வொரு வரியாகச் சொல்கிறார். அவருக்கு எண்பத்தாறு வயது. இந்தப் பக்கங்களைப் படம் பிடித்து, கணினிப் பார்வை வழியாகக் கணினியை வாசிக்கச் செய்ய முடியுமா என்று எனக்கு ஓர் ஆசை.

எங்கள் வழிகாட்டி ஆசிரியர், தலைப்பில் டீப் லேர்னிங் (நரம்பு வலையமைப்பால் கணினியைக் கற்க வைப்பது) என்று இருந்தால் மதிப்பெண்ணுக்கு நல்லது என்கிறார். எதை எடுப்பது? அனுபவம் உள்ள அண்ணன்கள், அக்காக்கள், ஆசிரியர்கள் சொல்லுங்கள்.

சென்ற ஆண்டு முடித்தவன்:

பேரேட்டை எடுங்கள். ஆனால் நாங்கள் செய்த தவற்றைச் செய்யாதீர்கள்.

எங்கள் குழுவும் கையெழுத்துத்தான் எடுத்தது, தமிழ் எழுத்துகள் முழுவதும். நண்பர்கள் நாற்பது பேரிடம் எழுதி வாங்கி, எல்லாப் படங்களையும் சீட்டுக்கட்டைப் போலக் கலைத்து, ஒரு பங்கைப் பயிற்சிக்கும் மறு பங்கைச் சோதனைக்கும் பிரித்தோம். திரையில் வந்த விழுக்காட்டைப் பார்த்து ஓட்டலுக்குப் போய்ச் சாப்பிட்டுக் கொண்டாடினோம். வைவா நாளில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர் தன் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, ஒரு தாளில் ஐந்து எழுத்துகளை எழுதி, இதை வாசிக்கச் சொல்லுங்கள் என்றார். ஐந்தில் நான்கு தவறு.

காரணம் அன்று இரவு புரிந்தது. ஒரே ஆள் எழுதிய "கி" பயிற்சியிலும் இருந்தது, சோதனையிலும் இருந்தது. நிரல் எழுத்தைக் கற்கவில்லை, அந்த நாற்பது பேரின் கையைக் கற்றிருந்தது. ஆங்கில எண்களுக்கு எல்லோரும் பயன்படுத்தும் எம்னிஸ்ட் தொகுப்பில் பயிற்சிக்கு 60,000 படம், சோதனைக்கு 10,000 படம் என்பது எனக்கு மனப்பாடமாகத் தெரியும். அதைத் தொகுத்தவர்கள், பயிற்சிப் பகுதியில் எழுதியவர் யாரும் சோதனைப் பகுதியில் வராதபடி பார்த்துக்கொண்டார்கள் என்பதை மட்டும் படிக்காமல் விட்டுவிட்டேன்.

உங்களிடம் எழுதியவர் ஒருவர்தான், அது பரவாயில்லை. அவர் கையை வாசிப்பதுதான் உங்கள் வேலை. ஆனால் மூன்று பேரேடுகளில் பயிற்சி கொடுங்கள், நான்காவதைச் சோதனைக்கு என்று எடுத்து வைத்துவிடுங்கள். எழுத்துகள் பக்கம் போகவே வேண்டாம், எண்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தமிழில் 247 எழுத்துகள். உயிர்மெய்க் குறிகளைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தாலும் எச்பி ஆய்வகம் வெளியிட்ட கையெழுத்துத் தொகுப்பில் 156 வகைகள் இருக்கின்றன. மூன்று பேரால் பதினாறு வாரத்தில் அது ஆகாது.

ஆய்வக ஆசிரியர்:

அம்மா, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். பத்தொன்பது ஆண்டுகளாகப் பொறியியல் மாணவர்களுக்கு ஆய்வக வகுப்பு எடுக்கிறேன். ஒவ்வோர் ஆண்டும் வைவா மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து ப்ராஜெக்டுகளைப் பார்க்கிறேன். மூன்று துறைகளில் எது உயர்ந்தது என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. தலைப்பு கேட்டு வரும் பிள்ளைகளிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: நீ தவறு செய்தால் அது உனக்கு எப்படித் தெரியவரும்?

வரைகலையில் தவறு தானாக வந்து கண்ணில் குத்தும். 2003-இல் நான் மாணவனாக இருந்தபோது எழுதியது ரே டிரேசர்தான். 1980-இல் வெளியான டர்னர் விட்டெட்டின் கட்டுரையை நகலெடுத்து வைத்துக்கொண்டு எழுதினேன். கண்ணிலிருந்து படத்தின் ஒவ்வொரு புள்ளி வழியாகவும் ஒரு கதிரை அனுப்ப வேண்டும். அது எந்தப் பொருளில் படுகிறதோ, அங்கிருந்து விளக்கை நோக்கி இன்னொரு கதிர். வழியில் ஏதாவது மறித்தால் அந்த இடம் நிழல். என் முதல் படத்தில் ஒரு சிவப்புக் கோளம் வந்தது, ஆனால் அதன் மேல் முழுக்க எள்ளைத் தூவியதைப் போலக் கரும்புள்ளிகள். இரண்டு இரவு சூத்திரத்தைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்தேன். சூத்திரத்தில் பிழை இல்லை. கணினி தசம எண்களைத் தோராயமாகத்தான் வைத்திருக்கிறது. கதிர் கோளத்தைத் தொட்ட இடம் சில நேரம் மேற்பரப்புக்கு ஒரு மயிரிழை உள்ளே விழுந்துவிடுகிறது. அங்கிருந்து விளக்கை நோக்கிக் கிளம்பும் கதிர் அதே கோளத்தின் தோலில் முட்டிக்கொள்கிறது. கோளம் தன் நிழலைத் தன் மேலேயே போட்டுக்கொள்கிறது. தொடக்கப் புள்ளியை மேற்பரப்பிலிருந்து 0.0001 அளவு வெளியே நகர்த்தினேன். புள்ளிகள் அத்தனையும் மறைந்தன. தசம எண் என்றால் என்ன என்று நான் உண்மையில் கற்றுக்கொண்டது அந்த இரவில்தான். படம் தப்பாக இருந்ததால் தேடினேன், தேடியதால் கற்றேன். தன்னம்பிக்கை குறைந்த பிள்ளைகளுக்கு நான் வரைகலையைச் சொல்வது இதனால்தான்.

கணினிப் பார்வையில் தவறு தானாகத் தெரியாது, உட்கார்ந்து எண்ண வேண்டும். மேலே எழுதிய தம்பி அதை அழகாகச் சொல்லிவிட்டார். இந்தத் துறையே ஒரு மாணவர் ப்ராஜெக்டில்தான் தன் ஆழத்தைக் கண்டுகொண்டது. 1966 ஜூலையில் எம்ஐடியில் சீமோர் பாப்பர்ட் ஒரு குறிப்பு எழுதினார்: கோடை விடுமுறையில் வேலை செய்யும் மாணவர்களிடம் பகுதி பகுதியாகப் பிரித்துக் கொடுத்து, பார்வை அமைப்பின் பெரும் பங்கைக் கட்டிவிடுவது என்பது திட்டம். முதலில் பந்து, செங்கல், உருளை. பிறகு கருவிகள், கோப்பைகள். ஒரு கோடையில் முடியும் என்று திறமைசாலிகள் நம்பிய வேலை ஏறக்குறைய அறுபது ஆண்டு ஆகியும் இன்னும் முடியவில்லை. மனிதனுக்குச் சிரமமே இல்லாமல் நடக்கும் காரியம் கணினிக்கு எவ்வளவு கடினம் என்பது அதற்கு முன்னால் பலருக்கும் தெரிந்திருக்கவில்லை. ஆகவே பார்வையில் கைவைத்தால், எடுக்கும் துண்டைச் சிறியதாக எடுங்கள்.

குறியாக்கத்தில் தவறு தெரியவே தெரியாது. உங்கள் தோழி சொல்லும் செயலியைச் செய்தால் முதல் வாரமே அது வேலை செய்யும். இந்தப் பக்கம் "வணக்கம்" என்று அடித்தால் நடுவில் புரியாத குப்பையாகப் போய், அந்தப் பக்கம் "வணக்கம்" என்று வந்து சேரும். பூட்டு ஓட்டையாக இருந்தாலும் அப்படித்தான் வந்து சேரும். சரியான பூட்டுக்கும் ஓட்டைப் பூட்டுக்கும் திரையில் வித்தியாசம் இல்லை. இதைப் பற்றி வேலையில் இருப்பவர்கள் யாராவது விரிவாக எழுதினால் நல்லது.

இப்போது உங்கள் பேரேட்டுக்கு வருகிறேன். இந்த யோசனையைப் படித்தவுடன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நீங்கள் கவனித்தீர்களா தெரியவில்லை, உங்கள் கொள்ளுத் தாத்தா விடைத்தாளையும் சேர்த்தே எழுதி வைத்திருக்கிறார். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கூட்டுத்தொகை இருக்கும் இல்லையா? உங்கள் நிரல் ஒரு பக்கத்தின் வரிகளை எல்லாம் வாசித்துக் கூட்டட்டும். அடியில் உள்ள தொகையோடு பொருந்தினால் வாசித்தது சரி. பொருந்தாவிட்டால் எங்கோ ஓர் எண் தவறு. எண்ணிப் பார்த்தால்தான் தவறு தெரியும் என்ற துறையில், எண்ணிப் பார்க்க எழுபது வருடத்துக்கு முன்பே ஒருவர் உட்கார்ந்து உழைத்திருக்கிறார். கையெழுத்து ப்ராஜெக்டுகள் எத்தனையோ பார்த்துவிட்டேன், இப்படி ஒரு வசதி எதற்கும் வாய்த்ததில்லை.

கூட்டுவதில் ஒரு நுட்பம் இருக்கிறது. இந்தியாவில் பத்தின் கணக்குக்கு நாணயம் மாறியது 1957 ஏப்ரல் 1. உங்கள் பேரேடுகள் அதற்கு முந்தியவை. 12 பை ஓர் அணா, 16 அணா ஒரு ரூபாய். ௰௨ ரூபாய் ௭ அணா ௬ பையோடு ௮ ரூபாய் ௰௨ அணா ௯ பையைக் கூட்டினால், பை 15. அதில் 12 போய் மீதி 3, ஓர் அணா மேலே ஏறும். அணா 20, அதில் 16 போய் மீதி 4, ஒரு ரூபாய் மேலே ஏறும். விடை ௨௰௧ ரூபாய் ௪ அணா ௩ பை. உங்கள் குழுவில் ஒருவர் இந்தக் கூட்டலுக்கு மட்டும் ஒரு தனி நிரல் எழுதி, கையால் போட்ட ஐம்பது கணக்குகளோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.

௰௨ என்று நான் எழுதியதைக் கவனியுங்கள். பழைய முறையில் இடமதிப்பும் பூஜ்யமும் இல்லாமல், பத்து, நூறு, ஆயிரத்துக்குத் தனிக் குறிகள்: ௰, ௱, ௲. இருநூற்று ஐந்து என்றால் ௨௱௫. ஆகவே நீங்கள் அடையாளம் காண வேண்டியது ஒன்பது எண்களும் மூன்று குறிகளும், மொத்தம் பன்னிரண்டு வடிவங்கள். 247 எங்கே, 12 எங்கே! ௶, ௷, ௸ என்று பற்று, வரவு, மேற்படிக் குறிகளும் பக்கத்தில் வரக்கூடும். இவை எல்லாவற்றுக்கும் யூனிகோடில் இடம் இருப்பதால், வாசித்ததை அப்படியே கோப்பில் எழுதி வைக்கலாம்.

வழிகாட்டி ஆசிரியரோடு வாதாட வேண்டாம். பன்னிரண்டு வடிவங்களுக்கு இரண்டு மூன்று அடுக்குள்ள சிறிய நரம்பு வலையமைப்பு போதும். 28க்கு 28 புள்ளிப் படங்களுக்கு உங்கள் மடிக்கணினியே தாராளம், ஜிபியு தேவையே இல்லை. அவர் கேட்ட சொல் தலைப்பில் இருக்கட்டும். ஆனால் அதற்கு முன்னால், வடிவத்தில் மிக நெருங்கிய மாதிரியோடு ஒப்பிட்டுச் சொல்லும் எளிய முறையையும் செய்து, இரண்டையும் ஒரே அட்டவணையில் போடுங்கள்.

வரைகலைத் தோழி மனம் வாட வேண்டாம் என்பதற்காக ஒன்று சொல்கிறேன். 1972-இல் யூட்டா பல்கலைக்கழகத்தில் எட்வின் கேட்மல் என்ற மாணவர் வகுப்பு ப்ராஜெக்டுக்காகத் தன் இடது கையைப் பிளாஸ்டரில் வார்த்து, அதன் மேல் சுமார் 350 பலகோணங்களைக் கோடு போட்டு, ஒவ்வொரு மூலையையும் அளந்து கணினியில் ஏற்றி அசைய வைத்தார். பின்னாளில் கணினித் துறையின் உயரிய விருதான டூரிங் விருது பெற்ற மனிதர், மாணவராக இருந்தபோது எடுத்துக்கொண்ட பொருள் தன்னுடைய கை. உங்களுக்கு அது உங்கள் வீட்டுப் பரணில் கிடைத்திருக்கிறது.

பூட்டுத் திறப்பவள்:

ஆசிரியர் கேட்டதால் எழுதுகிறேன். சென்னையில் மென்பொருள் பாதுகாப்புச் சோதனை என் வேலை. செயலிகளை உடைத்துப் பார்த்து அறிக்கை கொடுப்பது.

தங்கை, சொந்தமாகக் குறியாக்க முறை வடிவமைக்கும் யோசனையை இப்போதே விட்டுவிடுங்கள். உங்கள் தோழிக்கு ஆர்வம் குறையக் கூடாது, திசை மட்டும் மாற வேண்டும். கட்டுவதற்கு முன் உடைக்கப் பழகுவதுதான் இந்தத் துறையில் வழக்கம். 1995-இல் பெர்க்லியில் இயன் கோல்ட்பர்க், டேவிட் வாக்னர் என்ற இரண்டு மாணவர்கள் நெட்ஸ்கேப் உலாவியின் பாதுகாப்பை ஆராய்ந்தார்கள். குறியாக்க முறையில் அவர்கள் கைவைக்கவே இல்லை. இரகசியச் சாவிக்கான தற்செயல் எண் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தார்கள். அப்போதைய நேரம், கணினியில் ஓடும் செயலின் எண், அதன் தாய்ச் செயலின் எண், இவ்வளவுதான். இவற்றை ஓரளவு ஊகிக்க முடிந்தால் சாவியையும் ஊகிக்கலாம். அத்தனை பேர் பயன்படுத்திய மென்பொருளில் அந்த ஓட்டை யார் கண்ணுக்கும் படாமல் இருந்தது, ஏனென்றால் எல்லாம் நன்றாக வேலை செய்துகொண்டிருந்தது.

இதே தவற்றை நான் என் வேலையில் நேரில் பார்த்திருக்கிறேன். ஒரு நிறுவனத்தின் செயலியில், கடவுச்சொல் மறந்தால் அனுப்பும் எண்ணைச் சாதாரண தற்செயல் எண் கட்டளையால் உருவாக்கியிருந்தார்கள். பைத்தானில் அந்தக் கட்டளைக்குப் பின்னால் இருப்பது மெர்சன் டுவிஸ்டர் என்ற எண் உருவாக்கும் முறை. அதிலிருந்து தொடர்ச்சியாக வரும் 32 பிட் எண்கள் 624 கையில் கிடைத்தால், உள்ளே இருக்கும் நிலை முழுவதையும் மீட்டுவிடலாம்; அடுத்து வரப்போகும் எண்ணைச் சொல்லிவிடலாம். கூட்டத்தில் உட்கார்ந்து, அடுத்த எண் இதுதான் என்று தாளில் முன்கூட்டியே எழுதி, கவிழ்த்து வைத்தேன். அவர்கள் பொத்தானை அழுத்தினார்கள். தாளைத் திருப்பியபோது அறையில் யாரும் பேசவில்லை. உங்கள் தோழி இதையே ஒரு சிறு வேலையாகச் செய்து பார்க்கலாம். விடை சரியா தவறா என்று உடனே தெரிந்துவிடும், ஆசிரியரின் கேள்விக்கு இது பொருந்துகிறது.

பேரேட்டு ப்ராஜெக்டிலும் அவருக்கு ஒரு வேலை இருக்கிறது. நான்காவது பேரேட்டைப் படம் பிடித்த அன்றே ஒவ்வொரு படத்துக்கும் எஸ்எச்ஏ-256 கைரேகை (கோப்பிலிருந்து கணக்கிட்டு வரும் 256 பிட் அடையாள எண்) எடுத்து, பட்டியலை அச்சிட்டு வழிகாட்டி ஆசிரியரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள். படத்தில் ஒரே ஒரு புள்ளி மாறினாலும் 256 பிட்டுகளில் ஏறக்குறையப் பாதி மாறிவிடும். வைவாவில், சோதனைப் படங்களை நடுவில் திருத்தினீர்களா என்று யாராவது கேட்டால், அந்தத் தாளை எடுத்து மேசையில் வையுங்கள்.

கரிசல் மாணவி:

ஐயா, அக்கா, அண்ணன், மூவருக்கும் நன்றி. உங்கள் பதில்களைத் தோழிகளோடு விடுதி மாடியில் உட்கார்ந்து சத்தமாகப் படித்தோம். மூவரும் பேரேட்டுக்குச் சம்மதித்துவிட்டோம்.

இரண்டு சந்தேகங்கள். பக்கங்களில் எண்ணெய்க் கறை இருக்கிறது, சிவப்புக் கோடுகள் எண்களின் மேலேயே ஓடுகின்றன. சோதனைக்காக ஒரு பக்கத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றினோம். கறை இருந்த மூலை முழுவதும் கறுப்பாகிவிட்டது. இரண்டாவது, கொள்ளுத் தாத்தாவே கூட்டலில் தவறு செய்திருந்தால்?

ஆய்வக ஆசிரியர்:

கறைக்கு முதலில். எது கறுப்பு, எது வெள்ளை என்று பிரிக்க நீங்கள் பக்கம் முழுவதற்கும் ஒரே எல்லை மதிப்பை வைத்திருப்பீர்கள். ஓட்சுவின் 1979 முறை அப்படித்தான் செய்யும். தாள் எங்கும் ஒரே நிறமாக இருந்தால் அது அருமையாக வேலை செய்யும். கறை படிந்த தாளில், கறையின் நிறம் மையின் நிறத்தை நெருங்கிவிடுகிறது. ஒவ்வொரு புள்ளிக்கும் அதன் சுற்றுப்புறத்தைப் பார்த்து எல்லையைத் தீர்மானிக்கும் சவோலாவின் முறையைப் போடுங்கள். அந்தச் சுற்றுப்புறச் சாளரத்தின் அகலம் ஓர் எண்ணைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும்.

சிவப்புக் கோட்டுக்கு எந்த நுட்பமும் வேண்டாம். வண்ணப் படத்தில் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று தளங்கள் இருக்கின்றன அல்லவா? சிவப்புத் தளத்தை மட்டும் தனியாக எடுத்துத் திரையில் போடுங்கள். அந்தத் தளத்தில் சிவப்புக் கோடும் வெளிறிய தாளும் ஏறக்குறைய ஒரே வெளிச்சமாக இருப்பதால் கோடு கரைந்துவிடும், நீலக் கறுப்பு மை மட்டும் நிற்கும். இதை முதல் முறை பார்க்கும் மாணவர் முகத்தில் வரும் வியப்பை எத்தனை வருடமானாலும் எனக்குப் பார்க்கப் பிடிக்கும். படத்தைச் சன்னல் ஓரத்தில், பகல் வெளிச்சத்தில், பிளாஷ் இல்லாமல் எடுங்கள். பக்கத்தின் மேல் அளவுகோல் ஒன்றை வையுங்கள்.

௧ என்ற எண்ணும் க என்ற எழுத்தும் ஒன்றுபோலவே இருக்கும். ௭-க்கும் எ-வுக்கும், ௮-க்கும் அ-வுக்கும் அதே கதைதான். வடிவத்தை மட்டும் வைத்துப் பிரிக்க முயன்று நாளை வீணாக்க வேண்டாம். பத்தியை வைத்துப் பிரியுங்கள்: சரக்கின் பெயர் இடப்பக்கம், தொகை வலப்பக்கம்.

கொள்ளுத் தாத்தா தவறு செய்திருந்தால் என்ற கேள்விக்கு நான் மகிழ்ச்சியாகப் பதில் சொல்கிறேன். பொருந்தாத பக்கங்களை எல்லாம் தனியே எடுத்து, அப்பத்தாவிடம் கொண்டுபோங்கள். அவர் வாசித்ததும் நிரல் வாசித்ததும் ஒன்றாக இருந்து, அப்போதும் தொகை இடித்தால் பிழை 1950-களில் நடந்தது. அந்தப் பக்கத்தை அறிக்கையில் முழு அளவில் போடுங்கள். எதிர்ப்பக்க ஆபத்தும் ஒன்று உண்டு: இரண்டு தவறான வாசிப்புகள் ஒன்றையொன்று ஈடுகட்டி, தொகை சரியாக வந்துவிடலாம். அதனால் பொருந்திய பக்கங்களிலிருந்தும் பத்தைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்து அப்பத்தாவிடம் காட்டுங்கள். ஒரு பக்கத்தின் அடித்தொகை அடுத்த பக்கத்தின் தலையில் மறுபடி எழுதப்பட்டிருந்தால் இரண்டாவது சோதனையும் உங்களுக்குக் கிடைத்துவிட்டது.

முதல் மூன்று வாரம் நிரல் எழுதவே வேண்டாம். அப்பத்தா சொல்லச் சொல்ல ஐம்பது பக்கங்களைக் கையால் தட்டச்சு செய்யுங்கள். சலிப்பாக இருக்கும். ஆனால் அதுதான் உங்கள் ப்ராஜெக்டின் உயிர், வயதை நினைத்தால் அவசரமும் அதற்குத்தான். அவர் சொல்வதை ஒலிப்பதிவும் செய்துகொள்ளுங்கள்.

அறிக்கையை அடுத்த ஆண்டு வரப்போகும் ஒரு மாணவருக்குக் கடிதம் எழுதுவதைப் போல எழுதுங்கள். ஐஐடி கான்பூரில் 2001-இல் இரண்டு பி.டெக். மாணவர்கள், ஓர் எண் பகா எண்ணா என்று கண்டறிவது பற்றித் தங்கள் ப்ராஜெக்ட் அறிக்கையை எழுதி வைத்துவிட்டுப் போனார்கள். மறு ஆண்டு நீரஜ் கயால், நிதின் சக்சேனா என்ற இரண்டு மாணவர்கள் அதே நூலிழையைப் பிடித்துக்கொண்டு, பேராசிரியர் மணீந்திர அகர்வாலோடு சேர்ந்து 2002 ஆகஸ்டில் வெளியிட்ட கட்டுரை ஒன்பதே பக்கம். பகா எண்ணை உறுதியாகவும் விரைவாகவும் கண்டறிய முடியும் என்று அது நிறுவியது. 2006-இல் அதற்குக் கணினிக் கோட்பாட்டுக்கான கோடல் பரிசு கிடைத்தது. முதல் இரண்டு மாணவர்கள் அறிக்கையை அலமாரிக்காக எழுதியிருந்தால் அடுத்த இருவருக்கு அந்த நூலிழை கிடைத்திருக்காது. உங்கள் பக்கங்களையும், அப்பத்தா சொன்ன விடைகளையும், நிரலையும் யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி வெளியிடுங்கள். தமிழ் எண்களில் எழுதிய பேரேடுகள் உங்கள் வீட்டுப் பரணில் மட்டும் இருக்காது.

கரிசல் மாணவி:

தலைப்பைப் பதிவு செய்துவிட்டோம், வழிகாட்டி ஆசிரியரும் ஒப்புக்கொண்டார். சிவப்புத் தளத்தைத் தனியாக எடுத்துப் பார்த்தோம். நீங்கள் சொன்னபடியே கோடு காணாமல் போனது. அக்கா, கைரேகைப் பட்டியலில் இன்று காலை கையெழுத்து வாங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போய் முதல் இரண்டு பக்கங்களை அப்பத்தாவோடு முடித்தேன். தாழ்வாரத்தில் பாயை விரித்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவர் வாசிக்க, நான் தட்டச்சு செய்தேன். இரண்டாவது பக்கத்தில் தொகை ஏழு ரூபாய் இடித்தது. மூன்று முறை கூட்டியும் அதே ஏழு. அப்பத்தா பேரேட்டைத் தன் பக்கம் திருப்பி, நான் ௭ என்று எழுதிக்கொண்ட ஒரு வரியில் விரலை வைத்தார். கோட்டை ஒட்டி, கொஞ்சம் இடப்பக்கமாக, அவசரத்தில் எழுதிய ஒரு குறி.

"அது ஏழு இல்லை. எள். மாமா எப்போதும் முதல் எழுத்தோடு நிறுத்திவிடுவார்" என்றார்.